ஒருமனதாக நிறைவேறியது

ஆடி 5, வெள்ளி

விளக்கேற்றி, கூழ் காய்ச்சி, அம்மனுக்குப் படைத்தாயிற்று. கேஸ் சிலிண்டர் இன்று மாற்றியது. போன சிலிண்டர் ஒரு வாரம் முன்னதாகவே தீர்ந்துவிட்டது. வடகத்துக்குக் கூழ் கிண்டியதில் போயிருக்கும்.

சாயங்காலம் பஜனை மடத்தில் மார்க்கெட் கடைக்காரர்கள் கூட்டம். பேரூராட்சித் தலைவர் கனகவேல் கூட்டியது. என் ஓரகத்தி முப்பிடாதிக்குத் துணையாக நானும் போனேன். அவள் என் வீட்டுக்காரரின் தம்பி கொம்பையாவுக்கு வாக்கப்பட்டவள். மார்க்கெட் மூலைக் கடையில் பூ விற்கிறாள். அவள் மாமியார், அதாவது எனக்கும் மாமியார், உட்கார்ந்து விற்ற இடம் அது.

அண்ணன் தம்பிக்குப் பதினோரு வருஷமாகப் பேச்சில்லை. எங்கள் வீடு ஒரு கட்சி, அவர்கள் வீடு ஒரு கட்சி. ஒரு தேர்தலில் பூத் வாசலிலேயே சட்டையைக் கிழித்துக்கொண்டு, அந்தச் சூட்டோடு முற்றத்தில் நடுச்சுவர் எழுப்பிவிட்டார்கள். சுவர் ஆண்களுக்கு. எங்களுக்குக் கொல்லைப்புறம் இருக்கிறது. குழம்புக் கிண்ணம் போகும், வரும்.

கனகவேல் எங்கள் வீட்டுக் கட்சி. இந்த முறை இரண்டு கட்சிக்கும் சரிபாதி உறுப்பினர்கள் வந்ததால், அந்தக் கட்சிப் பிச்சைக்கண்ணுவைத் துணைத் தலைவராக்கி இவர் தலைவரானார். மேடையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பார்க்கவே நன்றாக இருந்தது.

"கொடியெல்லாம் தேர்தலோட சரி. இனிமே இந்த ஊர்ல நம்மாளு, அவுகாளுன்னு கிடையாது" என்றார் கனகவேல். பழைய மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம். எல்லாரும் காலி செய்ய வேண்டும். முடிந்ததும் அவரவர் இடம் அவரவருக்கு.

"அப்ப ஏலம்?" என்று கேட்டாள் முப்பிடாதி.

எங்கள் மார்க்கெட்டில் ஒரு வழக்கம். வருஷா வருஷம் ஏலத்துக்கு முந்தின நாள் பொழுது சாய, உட்கார்ந்து விற்கிறவர்கள் தங்கள் கடைப் படியில் வெற்றிலை பாக்கு வைப்பார்கள். 'நான்தான் தொடர்கிறேன்' என்று அர்த்தம். வெற்றிலை வைத்த கடையை வேறு யாரும் ஏலம் கேட்க மாட்டார்கள். வைத்தவரை ஆபீசிலிருந்து கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். கொலைகாரன்கூட மீறியதில்லை.

"வெத்தலைக்கு உள்ள மரியாதை என்னைக்கும் உண்டு தாயி" என்று கையெடுத்துக் கும்பிட்டார் கனகவேல். பிச்சைக்கண்ணு தலையாட்டினார். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆடி 7, ஞாயிறு

துவரம்பருப்பு வெயிலில் காயவைத்தது. முருங்கை இலை முப்பிடாதிக்கும் சேர்த்துப் பறித்தேன்.

அவள் கொல்லையில் வந்து குத்த வைத்து உட்கார்ந்தாள். காய்கறிக்காரர்கள் சிலர் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கலாம் என்கிறார்களாம். எழுத்தில் கொடுத்தால்தான் காலி செய்வோம் என்கிறார்களாம். இவளையும் கையெழுத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"நீங்க என்னக்கா சொல்லுதிய?"

"தலைவரு வருஷம் தவறாம திருச்செந்தூருக்கு மாலை போட்டு நடந்து போறவரு. அவரு வாயில பொய் வருமா?"

"மாலை போட்டா? கள்ளப்பயலும் போடத்தான் செய்தான். அவனுக்குத்தான் வேண்டுதல் ஜாஸ்தி."

சிரித்துவிட்டோம். பிறகு சொன்னேன், கோர்ட்டு கச்சேரி என்று போனால் நல்லாத் தொடங்கின ஒற்றுமை கெட்டுப்போகும், இத்தனை வருஷம் கழித்து இரண்டு கட்சியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, நம் வீட்டு ஆண்களுக்கும் அதைப் பார்த்தாவது புத்தி வராதா என்று. அவள் கொஞ்ச நேரம் முருங்கைக் காம்பை ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னாச் சரிதான்க்கா" என்றாள்.

தலைவர் சொன்னதைத்தான் நான் சொன்னேன்.

ஆடி 20, சனி

முப்பிடாதி கடை காலி செய்தாள். கையெழுத்துக்குக் கூப்பிட்டவர்களும் இவள் காலி செய்வதைப் பார்த்து, 'அவ மச்சினர் வீடே ஆளுங்கட்சி, தெரியாமலா செய்வா' என்று காலி செய்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக்குப் பக்கம் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கிறாள். மல்லிகை வாசம் எதுவரை வீசும் அந்த இடத்தில்.

ஆவணி 14, வியாழன்

புது மார்க்கெட்டுக்கு அடிக்கல். இரண்டு கட்சிக் கொடியையும் ஒரே கம்பில் கட்டியிருந்தார்கள். கனகவேலும் பிச்சைக்கண்ணுவும் கட்டிப்பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள். போட்டோக்காரன் சரியாக விழவில்லை என்று சொல்ல, இரண்டாவது தடவையும் கட்டிப்பிடித்தார்கள்.

கூட்டத்தில் என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டார்கள். இவர் கையில் இருந்த சர்பத்தை நீட்டி, "குடிக்கியா?" என்றார். கொழுந்தனார் வாங்கிக் குடித்தார். அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முருகா, இது போதும்.

புரட்டாசி 6, சனி

பெருமாளுக்கு மாவிளக்கு. ராத்திரி மழையில் முப்பிடாதியின் பூக்கூடை சாக்கடையோடு போயிற்று. "புதுக் கடை வந்ததும் இந்த நனையிற வேலை இல்லைக்கா" என்கிறாள்.

ஐப்பசி 26, ஞாயிறு, தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்து, அதிரசம், முறுக்கு. அதிரசம் இந்த முறை பாகு பதம் தவறிவிட்டது. கொல்லைப்புறமாக ஒரு தூக்கு அனுப்பினேன், அங்கிருந்து சுழியம் வந்தது.

தலைவர் வீட்டிலிருந்து இவருக்கு வேட்டி சட்டை வந்திருக்கிறது. இத்தனை வருஷம் கட்சிக்கு உழைத்ததில் இதுதான் முதல் தடவை. சாயங்காலம் திருப்பூரில் இருக்கிற குமரேசனுக்குப் போன் போட்டார். அவனுக்கு பனியன் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. "எத்தனை நாளைக்குடா அந்த ஊர்ல கிடந்து சாயத் தண்ணி குடிக்கப் போற? தை பிறக்கட்டும், பார்ப்போம்" என்று பேசினார். மகன் மேல் இத்தனை பாசம் எப்போது வந்ததோ.

கார்த்திகை 2, சனி

சஷ்டி விரதம் முடிந்தது. ஆறு நாளும் ஒருவேளைப் பால் பழம். சூரனை வதைத்த நாளில் பொய் பேசக்கூடாது என்று இவரிடம் சொன்னேன். "நான் என்னத்தப் பேசுனேன்?" என்று எழுந்து போய்விட்டார். நான் பொதுவாகத்தான் சொன்னேன்.

மார்கழி 11, புதன்

அதிகாலைக் கோலம், பூசணிப் பூ, கோயில் பொங்கல்.

நாளைக்கு ஏலம். பொழுது சாய முப்பிடாதியோடு புது மார்க்கெட்டுக்குப் போனேன். தகரக் கூரை, இரும்பு ஷட்டர், மொசைக் படி. எங்கள் கொடிக்காலில் பறித்த வெற்றிலையைத்தான் கொடுத்தேன். காம்பு கிள்ளாமல், நல்ல இளசாக. மூலைக் கடைப் படியில் வைத்து, கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். எல்லாக் கடைப் படியிலும் வெற்றிலை. காய்கறிக்காரர்கள், கருவாட்டுக்காரி, வளையல் செட்டியார், எல்லாரும் இருந்தார்கள். கனகவேல் பைக்கில் வந்து பார்த்துவிட்டு, "நல்லது, நல்லது" என்று போனார்.

வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன்: "ஆபீசுல எதுவும் எழுதிக் குடுக்கணுமா? பேங்குல கட்டணும், டெபாசிட்டுன்னு அந்த வளையல் செட்டியார் என்னமோ சொன்னாரே?"

"வெத்தலை வச்சாச்சுல்லா? அதுபோதும்" என்றார். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

மார்கழி 12, வியாழன்

இன்று சாயங்காலம் கோலம் போடவில்லை. விளக்கு மட்டும்.

காலையில் ஏலத்துக்குப் போனோம். பேரூராட்சி ஆபீஸ் வாசலில் எங்கள் கட்சி ஆட்களும் அந்தக் கட்சி ஆட்களும் தோளில் கை போட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தேர்தல் வந்தால் ஒருத்தன் தலையை ஒருத்தன் உடைக்கிற பயல்கள். ஒற்றுமை என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டேன், சிவசிவா.

உள்ளே போனால் கிளார்க் கேட்கிறார்: "டெபாசிட் கட்டுன சீட்டு எங்க?"

"என்ன சீட்டு?"

"விண்ணப்பம் குடுத்து, டெபாசிட் கட்டுனவங்கதான் ஏலம் கேக்கலாம். நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்தோமே. கடைசித் தேதி போன வாரமே முடிஞ்சிட்டு."

முப்பிடாதி சொன்னாள்: "நாங்க வெத்தலை வச்சிருக்கோம்."

அந்த ஆள் சிரித்தான். சத்தமாக இல்லை, வாயைப் பொத்திக்கொண்டு.

ஏலம் நடந்தது. ஒரு கடைக்கு ஒரே ஆள்தான் கேட்டான். எதிர்த்து ஒரு வாய் திறக்கவில்லை. பாதிக் கடை எங்கள் கட்சிக்காரன் பெயரில், பாதிக் கடை அந்தக் கட்சிக்காரன் பெயரில். எடுத்தவனில் ஒருத்தன்கூட மார்க்கெட்டில் ஒரு நாள் உட்கார்ந்தவன் இல்லை. நாங்கள் வெளியே நிறுத்தப்பட்டோம். எந்தக் கடை யாருக்கு என்று படித்தது சரியாகக் காதில் விழவில்லை. கைதட்டல் மட்டும் கேட்டது.

கருவாட்டுக்காரி தெருவில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள். முப்பிடாதி என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. "அக்கா, பஸ் ஸ்டாண்டுல பூவு வாடிரும், நான் போறேன்" என்று போய்விட்டாள்.

ஒற்றுமை, ஒற்றுமை என்று வாய் கிழியப் பேசினானே அந்தக் கனகவேல். கட்சி பார்த்து ஓரவஞ்சனை செய்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். இவன் கட்சி பார்க்கவில்லை. சொன்ன சொல்லை அப்படியே காப்பாற்றிவிட்டான். இரண்டு கட்சியையும் சமமாக உட்காரவைத்துச் சமமாகப் பந்தி போட்டான். இலை எங்களுடையது.

மார்கழி 13, வெள்ளி

பதினோரு வருஷம் கழித்துக் கொழுந்தனார் எங்கள் வாசல் படி ஏறினார். விடிந்தும் விடியாமல் பிச்சைக்கண்ணு வீட்டுக்குப் போய்விட்டு நேராக இங்கே வந்திருக்கிறார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வாங்க கொம்பையா, காப்பி..."

"வேண்டாம் மதினி. அண்ணனைப் பார்க்கணும்."

இவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"எங்க ஆளு என்ன சொல்லுதாரு தெரியுமாண்ணே? 'மேல பேசி முடிச்சாச்சு கொம்பையா, ஊரு ஒத்துமைக்காக நீயும் கொஞ்சம் விட்டுக்குடு'ங்கான். அவனுக்காகப் போஸ்டர் ஒட்டப்போய் ராத்திரியெல்லாம் பசை நக்குனவன் நான். அவனுக்காக உன் சட்டையைக் கிழிச்சவன் நான்."

இவர் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார்.

"உங்க கட்சியும் எங்க கட்சியும் சேந்துட்டுண்ணே. நாம ரெண்டு பேருதான் இன்னும் சேரல" என்று சொல்லிச் சிரித்தார் கொழுந்தனார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "மூலைக் கடை யாருக்குப் போச்சு, உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படித் தெரியும்? விசாரிச்சுச் சொல்லுதேன்" என்றார் இவர்.

கொழுந்தனார் போனபிறகு இவருக்கு இட்லி வைத்தேன். நாலு இட்லி சாப்பிடுகிறவர் ஆறு சாப்பிட்டார்.

மார்கழி 15, ஞாயிறு

புளி அடைத்தது. ஊறுகாய்ப் பானை கழுவி வைத்தது.

மார்கழி 18, புதன்

இவரிடம் சொல்லாமல் கனகவேல் வீட்டுக்குப் போனேன். கோயிலுக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டுதான் போனேன். கூடத்தில் அவரும் பிச்சைக்கண்ணுவும் ஒரே சோபாவில் உட்கார்ந்து முந்திரி கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாங்கக்கா, வாங்க! பொம்பளையாளு தேடி வந்திருக்கிய, என்ன விஷயம்?"

"மடத்துல வச்சுச் சொன்னியளே, வெத்தலைக்கு மரியாதை உண்டுன்னு."

"உண்டுதானக்கா. நான் இல்லங்கலியே. ஆனா அரசாங்கச் சட்டம்னு ஒண்ணு இருக்குல்லா? விண்ணப்பம் போட்டவுகளுக்குத்தான குடுக்க முடியும்?"

"விண்ணப்பம் போடணும்னு அன்னைக்குச் சொல்லலியே நீங்க."

"போர்டுல ஒட்டியிருந்தோமே."

"போர்டுல ஒட்டுனதைப் படிச்சவன் பூராவும் உங்க ரெண்டு கட்சிக்காரனாவே இருக்கானே, அது எப்படி?"

பிச்சைக்கண்ணுவுக்குப் புரையேறிவிட்டது. கனகவேல் அவர் முதுகைத் தட்டிவிட்டார். அவ்வளவு பாசம்.

"அக்கா, நான் மூணாவது தடவை இந்த ஊருக்குத் தலைவரு. மொத ரெண்டு தடவையும் கூட்டத்துல நாற்காலியத் தூக்கி அடிச்சுக்கிட்டோம். இப்பப் பாருங்க, போட்ட தீர்மானம் எல்லாம் ஒருமனதா நிறைவேறுது. ஒருத்தர் எதிர்க்கல. மாவட்டத்துலயே இப்படி ஒரு பேரூராட்சி கிடையாதுன்னு கலெக்டரே பாராட்டுதாரு. ஊரு ஒத்துமையா இருக்கணும்னு நீங்களும்தான ஆசைப்பட்டிய?"

"ஆசைப்பட்டேன்" என்றேன்.

"பொறவென்ன? அதுவும் உங்க வீட்டுக்கே மூலைக் கடை வந்திருக்கு. நீங்களே வந்து குறை சொன்னா எப்படி?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி சொல்லலியாக்கா?" என்றார்.

வரும் வழியில் தபால் ஆபீசில் குமரேசனுக்குப் பார்சல் அனுப்பினேன். கடையில் கால் கிலோ உளுந்து வாங்கினேன். பெருமாள் கோயிலில் நடை சாத்திவிட்டார்கள். வாசலில் நின்று கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று இங்கே எழுதமாட்டேன். நல்ல வேண்டுதல் இல்லை.

மார்கழி 19, வியாழன்

கேட்டேன். இன்று சாப்பாடு போடுவதற்கு முன்பே கேட்டேன்.

"நான் எடுக்கலைன்னா வேற எவனாவது எடுத்திருப்பான்" என்றார். "நம்ம குடும்பத்துக்குள்ளேயே இருக்கட்டும்னுதான் எடுத்தேன். பயலும் ஊரோட வந்துருவான்ல?"

"நம்ம குடும்பம்னா யாரு?"

காலித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வெத்தலை வச்சாப் போதும்னு அன்னைக்கு எங்கிட்டச் சொன்னியளே, அப்பவே தெரியுமா?"

"ஏளா, அரசியல் உனக்குப் புரியாது. முப்பது வருஷம் கொடி பிடிச்சேன். ஒரு கடை தந்திருக்கான். அதையும் வேண்டாங்கச் சொல்லுதியா?"

எனக்கு அரசியல் புரியாதுதான். மூன்றாம் கிளாஸ். அதற்கு மேல் மளிகைச் சாமான் கட்டி வந்த பேப்பரையும் கந்தபுராண வசனத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்துத் தேறியவள். ஆனால் தட்டைப் பார்த்துக்கொண்டு ஏன் பேசினார் என்பது புரிகிறது.

என் கொடிக்கால் வெற்றிலையை நானே பறித்து, நானே கொண்டுபோய் அவளை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

தை 2, செவ்வாய்

மாட்டுப்பொங்கல். குமரேசன் நேற்று வந்தான். கம்பெனிக் கணக்கை முடித்துக்கொண்டு, பெட்டியோடு. இளைத்திருக்கிறான். கொல்லைப்புறம் போய், "சித்தி" என்று கூப்பிட்டிருக்கிறான். முப்பிடாதி கரும்பு வெட்டிக் கொடுத்திருக்கிறாள். கடை யாருக்குப் போனது என்று இதற்குள் ஊருக்கே தெரியும். அவள் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. எப்படித்தான் சொல்லாமல் இருக்கிறாளோ.

"எம்மா, கடை எந்த இடத்துல?" என்று கேட்டான்.

"மூலைக் கடை."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். "அது சித்தி கடைல்லா?"

"உங்கப்பாகிட்டக் கேளு."

அவன் பாதிச் சோற்றில் கையைக் கழுவிவிட்டான்.

ராத்திரி இவர் வந்து கதவோரம் நின்றார். "வெள்ளிக்கிழமை எல்லாக் கடையும் திறப்பு. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து வாராக. நீதான் வந்து விளக்கேத்திப் பால் காய்ச்சணும். வீட்டுப் பொம்பள கையாலதான் பால் பொங்கணும்."

"சரி" என்றேன்.

நிம்மதியாகப் படுக்கப் போனார்.

தை 5, வெள்ளி

தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, கூறைச்சேலை கட்டினேன். மண்ணெண்ணெய் ஸ்டவ், புதுப் பித்தளைப் பானை, குத்துவிளக்கு, பசும்பால். சண்முகக் கவசம் சொல்லிக்கொண்டே போனேன். பயம் இல்லை என்று எழுதினால் பொய்.

நேராக பஸ் ஸ்டாண்டு. முப்பிடாதி அப்போதுதான் பூ கட்ட உட்கார்ந்திருந்தாள்.

"சாக்கைச் சுருட்டு" என்றேன்.

"எங்கக்கா?"

"நம்ம இடத்துக்கு."

"வம்பாயிரும்க்கா. மச்சினர் என்ன சொல்லுவாக?"

"அவருதான் என்னை வந்து பால் காய்ச்சச் சொல்லியிருக்காரு. நீ எந்திரிடி."

புது மார்க்கெட்டில் பந்தல், வாழைமரம், மேளம். மூலைக் கடை ஷட்டர் இன்னும் திறக்கவில்லை. தலைவர் வந்துதான் ரிப்பன் வெட்ட வேண்டுமாம். ஷட்டருக்கு முன்னால், படிக்குக் கீழே, தரையில் சாக்கை விரித்தேன். முப்பிடாதியை உட்காரவைத்தேன். அவள் பூக்கூடையை நானே வாங்கி வைத்தேன். விளக்கேற்றினேன். ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பானையை ஏற்றினேன்.

இவர் சாவியோடு ஓடிவந்தார். "ஏளா, என்ன பண்ணுத? உள்ள வச்சுக் காய்ச்சணும்!"

நான் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்திரி! தலைவரு வந்துட்டாரு!"

ஒரே ஜீப்பில் இரண்டு கொடி கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். கனகவேல் முன்னால், பிச்சைக்கண்ணு பின்னால். வாசலில் நுழையும்போது 'நீங்க முதல்ல', 'இல்ல நீங்க முதல்ல' என்று உபசாரம் வேறு. என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்றார்கள்.

"அக்கா, கடை உள்ள இருக்கு" என்றார் கனகவேல், கேமராக்காரன் பக்கம் சிரித்துக்கொண்டே.

"இது முப்பிடாதி கடை. இங்கதான் இருக்கு" என்றேன். "வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே வந்திருக்கிய. நல்ல சகுனம். சேர்ந்தே எங்களைத் தாண்டிப் போங்க. ஷட்டரைத் திறங்க. பாலு அடுப்புல இருக்கு, காலு பட்டுராமப் பார்த்துத் தாண்டுங்க."

மேளக்காரன் நிறுத்திவிட்டான். பால் பொங்கிய நேரம் பார்த்து, கருவாட்டுக்காரி எங்கிருந்தோ குலவை போட்டாள். ஒருத்தி போட, இரண்டாமத்தவள் போட, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்தெல்லாம் கேட்டது.

பொங்குகிற பாலையும், மஞ்சள் பூசி உட்கார்ந்திருக்கிற இரண்டு சுமங்கலிகளையும் தாண்டிப் போக எந்தக் கட்சிக்காரனுக்கும் தைரியம் வரவில்லை. கனகவேல் பிச்சைக்கண்ணுவைப் பார்த்தார். பிச்சைக்கண்ணு கனகவேலைப் பார்த்தார். அதிலும் ஒற்றுமைதான். அடுத்த வரிசைக் கடைக்கு ரிப்பன் வெட்டப் போய்விட்டார்கள்.

முதல் தம்ளர் பாலை முப்பிடாதிக்குக் கொடுத்தேன். அடுத்தது குமரேசன் வந்து வாங்கிக் குடித்தான். குடித்துவிட்டு அவன் சித்தி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். இவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பந்தக்காலைப் பிடித்தபடியே நின்றார். எதிரே கொழுந்தனார் நின்றார். இரண்டு பேரும் போகவில்லை.

பொழுது சாயும்வரை விற்றோம். எனக்கு முழம் போடத் தெரியவில்லை. என் முழம் பெரிது, நட்டம் வரும் என்று முப்பிடாதி திட்டினாள். எத்தனை நாள் கழித்து என்னைத் திட்டுகிறாள்.

கடை இன்னும் இவர் பெயரில்தான் இருக்கிறது. தலைவர் போலீசைக் கூப்பிடலாம். ஆபீசில் இருந்து நோட்டீஸ் வரலாம். அதையும் ஒருமனதாக நிறைவேற்றுவார்கள்.

வீட்டுக்கு வந்து சோறு வடித்து, ரசம் வைத்தேன். இவர் நேரம் கழித்து வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டார். இன்று தட்டைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"நாளைக்கும் போகப் போறியா?"

"கடை திறந்தாச்சுல்லா" என்றேன்.